முறை வைத்த மின்சாரம்

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பூவும் வாழையும் பயிரிடுகிற விவசாயிகளுக்கு, மின்சாரத்துக்கும் நேரகாலம் உண்டு என்பதை எவரும் புதிதாக உபதேசிக்க வேண்டியதில்லை. பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று மும்முனை மின்சாரத்தை முறை வைத்து வழங்கிய காலத்தில், நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரும் சிரமத்துக்கு அஞ்சிப் பலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திக்கொண்டார்கள். அதன் விளைவு விபரீதமாயிற்று: கரண்டு வந்த கணத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த மோட்டார்கள் அனைத்தும் ஒருசேரக் கிளம்பவே, வோல்டேஜ் படுத்துவிடும், காயில் கருகிய மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகவேண்டியதாகும்.

மின்சாரத்துக்கு ஒருசேரக் கைநீட்டும் அந்த வரிசையில் இப்பொழுது மின்வாகனங்கள் வந்து நிற்கின்றன. மின் ஸ்கூட்டரின் சார்ஜர் ஏறத்தாழ 750 வாட்டும், வீட்டில் செருகும் காரின் சார்ஜர் 3.3 கிலோவாட்டும் இழுக்கும் என்று கொண்டால், ஒரு தெருவின் நாற்பது ஸ்கூட்டர்களும் பத்துக் கார்களும் மாலை ஏழு மணிக்கு ஒரே சமயத்தில் சார்ஜ் ஏறும்பொழுது 63 கிலோவாட் ஆகிறது. விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஏற்கெனவே சுமத்தியிருக்கும் பாரத்தோடு இதையும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று தாங்குவது அரிது. இத்தனைக்கும் இரவெல்லாம் சும்மா நிற்கிற ஸ்கூட்டருக்கு வேண்டியது நான்கைந்து மணி நேரம்தான்.

சார்ஜ் ஏற்றும் நேரத்தை மாற்றினால் லாபம் எங்கிருந்து வருகிறது? சூரியன் சாய்ந்த பிற்பாடு மின் சந்தையில் யூனிட்டின் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதும், சூரிய மின்சாரம் பெருகும் நண்பகலில் அதில் ஒரு சிறு பகுதிக்கு இறங்குவதும் சகஜம். மாலையின் சில மணி நேரத் தேவைக்காக வருஷம் முழுவதும் நிலைக்கட்டணம் செலுத்தி மின்நிலையங்களைக் காத்திருக்க வைப்பதும், பெரிய டிரான்ஸ்பார்மரும் புதிய கம்பியும் போடுவதும் கடைசியில் நம் கட்டணத்தின் தலையிலேயே விடிகின்றன. வண்டிக்குச் சார்ஜ் ஏறும் நேரத்தை ஒத்திப்போடுவதோ செலவில்லாத காரியம்.

மத்திய மின்துறை 2024-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் விதிக்கச் சொல்கின்றன. வீட்டு மீட்டரின் கட்டண அடுக்கோ எத்தனை யூனிட் என்று கேட்கிறதேயன்றி எந்த நேரத்து யூனிட் என்று கேட்பதில்லை. ஆகவே சிரத்தையோடு இரவு பதினொரு மணிக்குச் செருகுகிறவருக்கும் அசிரத்தையாக ஏழு மணிக்குச் செருகுகிறவருக்கும் வித்தியாசம் கிடையாது.

மின்வாரியமும் ஒழுங்குமுறை ஆணையமும் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வீட்டில் சார்ஜ் ஏற்றும் வாகனத்துக்கும் நேரவாரிக் கட்டணம் வகுத்து, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தவருக்கே கொடுக்க வேண்டும். இரண்டாவது, மலிவு நேரம் தொடங்கும் நிமிஷத்தில் எல்லா வண்டிகளும் ஒன்றாக விழித்துக்கொள்ளாதபடி, தெருவுக்குத் தெரு முன்பின்னாக அந்த நேரத்தைப் பிரித்து வைக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் கற்பித்த பாடத்துக்கு விவசாயி தம் மோட்டாரைப் பறிகொடுத்து ஒருமுறை கட்டணம் செலுத்திவிட்டார். அதே பாடத்துக்கு மறுபடியும் ஜனங்களிடம் வசூலிப்பது நியாயமன்று.