வயலே பள்ளிக்கூடம்

குறைந்த நீர், குறைந்த மருந்து, நிறைந்த விளைச்சல்! இதையே “பசுமை வளர்ச்சி” என்று இன்று சர்க்கார்கள் பேசுகின்றன. நல்லது. ஆனால் இந்தச் சிக்கனம் எங்கிருந்து வரும்? மருந்துப் புட்டியிலிருந்தா? இல்லை, உழைப்பவரின் அறிவிலிருந்து! இதற்கு இந்தோனேஷிய நெல் வயல்களே சாட்சி.

1984இல் அந்நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஜாவாவின் பயிரைப் புகையான் கருக்கியது. மருந்துக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. மருந்து விலையில் பெரும்பகுதியைச் சர்க்காரே மானியமாகக் கொடுத்துவந்தது. ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல்! அடித்த மருந்தில் புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்தன. தண்டுக்குள் கிடந்த புகையான் முட்டைகளோ பிழைத்தன. எதிரியற்ற வயலில் பூச்சி பெருகியது. லாபம் கம்பெனிக்கு, நஷ்டமும் நஞ்சும் உழவனுக்கு.

1986 நவம்பரில் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று சர்க்கார் தடுத்தது. 1989இல் மானியமும் நின்றது. அதே ஆண்டு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 விவசாயிகள் வாரம் ஒரு காலை வயலில் கூடினர். பூச்சிகளை எண்ணினர், கண்டதைப் பெரிய காகிதத்தில் வரைந்தனர், விவாதித்தனர். வலைக்கூண்டில் புகையானையும் சிலந்தியையும் ஒன்றாக விட்டு, எது எதைத் தின்கிறதென்று கண்ணாரக் கண்டனர். மருந்து தேவையா என்பதை அவர்களே முடிவு செய்தனர். பத்தாண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இப்படிக் கற்றனர். மருந்துச் செலவு சரிந்தது, விளைச்சல் சரியவில்லை.

1999இல் அந்தத் தேசியத் திட்டம் முடிந்தது. கம்பெனி மருந்துகள் மீண்டும் பெருகின. 2010-11இல் புகையான் மறுபடியும் ஜாவாவைத் தாக்கியது. படிப்பு நின்றால் நஞ்சு திரும்பும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

மில்லுக்கும் இதே நியாயம்தான். நீராவி எந்தக் குழாயில் கசிகிறது, எந்த மிஷின் வீணாக ஓடி மின்சாரத்தைத் தின்கிறது என்பதை ஷிப்டில் நிற்பவரே முதலில் அறிவார். அவரிடம் கேட்பதும் இல்லை; அவருக்குக் கற்றுக்கொடுப்பதும் இல்லை. பிறகு வீண் செலவு என்று புலம்புவானேன்?

எனவே நாம் கேட்பது இதுதான்: வயல்வெளிப் பள்ளி பட்டாதாரர் மட்டும் உட்காரும் இடமாக இருக்கக் கூடாது. மருந்து அடிக்கும் கூலியாளும், களை பறிக்கும் பெண்களும் அங்கே இடம்பெற வேண்டும். படிக்கும் நாளுக்குக் கூலி வேண்டும். மில்லில் வேலை நேரத்திலேயே பயிற்சி வேண்டும். மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும்.

மண்ணையும் நீரையும் காக்கும் கல்வி உழைப்பவர் கைக்கு வரட்டும்! அதற்காகச் சங்கங்களில் இன்றே பேசுவோம். ஒன்றுபட்டுக் கேட்டுப் பெறுவோம்!