கெடு முடிஞ்சது, வீடு விக்கலே! வில்லங்கத்தில் மட்டும் பேர் நிக்குது

சமயநல்லூர்,
திண்டுக்கல் ரோட்டோரம் "வீடு விற்பனைக்கு" என்று போர்டு மாட்டினால், புரோக்கரிடம் எழுத்தும் கிடையாது, கெடுவும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. ஆள் வராவிட்டால் போர்டு வெயிலில் வெளுக்கும், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் வாங்கி அக்ரிமெண்டு போட்ட பிறகுதான் வம்பு. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிந்ததும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். ஆறு மாதக் கெடு முடிந்து, வாங்க வந்தவர் மீதிப் பணத்தோடு தலைகாட்டாவிட்டாலும் அந்தப் பதிவு தானாக அழியாது. அடுத்து வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். "முதல்ல இதைத் தீர்த்துட்டு வாங்க" என்று நடையைக் கட்டுவார். பாங்கியும் கடன் தர யோசிக்கும்.

தீர்க்க வேண்டுமானால் இரண்டு பேரும் சார்பதிவாளர் முன் வந்து ரத்துப் பத்திரம் பதிய வேண்டும். அங்கேதான் பேரம் கிளம்புகிறது. "அட்வான்சைத் திருப்பிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்." வீட்டுக்காரரோ அதை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்திருப்பார்.

கெடு தேதியிலிருந்து 3 வருஷம் வரை வாங்க வந்தவர் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் பணத்தோடு தயாராக இருந்ததை அவர் காட்டியாக வேண்டும். கெடு தாண்டியதும் வக்கீல் நோட்டீஸ் விட்ட வீட்டுக்காரருக்கு இது கை கொடுக்கும். "அடுத்த வாரம் பணம்ணே" என்ற பேச்சை நம்பிச் சும்மா இருந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.