இடுப்புவலி கண்ட முதல் மணி நேரங்கள்

தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருக்கும் மகளுக்கு நள்ளிரவில் இலேசாக இடுப்பு வலித்ததும் வீடு முழுவதும் விழித்துக்கொள்கிறது. தாயார் வெந்நீர் வைக்கிறார். தகப்பனார் வாகனம் தேடி ஓடுகிறார். பாட்டியார் சீரகக் கஷாயம் காய்ச்சுகிறார். விடியுமுன் மருத்துவமனையை அடைந்தாலோ, "இன்னும் நேரமாகும், வீட்டுக்குப் போய் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். குடும்பத்தாருக்கு ஏமாற்றம், சிலருக்குச் சினமும்கூட. அன்பு வாசகியரே, இம்மாதம் இதுபற்றியே எழுத விழைகிறோம்.

பேற்றின் முதற்கட்டம் இரு பகுதிகளைக் கொண்டது. முன்பகுதியில் கருப்பையின் வாய் மென்மையுற்று, குறுகி, மெல்லத் திறந்து 5 சென்டிமீட்டர் வரை விரிகிறது. அதற்குப் பிந்தியதே விரைந்து நடைபெறும் பகுதி. முன்பகுதிக்கு இத்தனை மணி நேரம் என்று எல்லை வகுக்கப்படவில்லை, அது பெண்ணுக்குப் பெண் பெரிதும் வேறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. எனவே நேரம் நீள்வதனாலேயே ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டதென்று கலங்க வேண்டுவதில்லை.

சீரகக் கஷாயம் குடித்தால் பொய்வலி அடங்கும், மெய்வலி வலுக்கும் என்பது பாட்டிமார் வழிவழியாகக் கொண்ட சோதனை. கொடுத்துவிட்டுப் போகட்டும், ஆயினும் அதனினும் நம்பத்தக்க சாட்சி கடிகாரமே. ஒரு வலி தொடங்கியது முதல் மறுவலி தொடங்கும் வரை எத்தனை நிமிடம், ஒவ்வொரு வலியும் எத்தனை வினாடி நீடிக்கிறது என்று கணவரோ தங்கையோ ஒரு தாளில் குறித்து வரட்டும். பொய்வலி ஒழுங்கின்றி வந்து, நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிடும். மெய்வலியின் இடைவெளி குறுகிக்கொண்டே வரும். வலியும் வலுத்துக்கொண்டே போகும்.

இரவாயின் உறங்க முயல்வதே முதல் வேலை. ஒருக்களித்துப் படுத்துக் கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். பகலாயின் முற்றத்தில் மெல்ல உலவலாம். வலி வரும்போது சுவரையோ கணவரின் தோளையோ பற்றிச் சாய்ந்து நிற்கலாம். இளஞ்சூடான நீரை இடுப்பில் ஊற்றுவதும், அடிமுதுகை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதும் நல்ல ஆறுதல் தரும். மூச்சை அடக்காமல், மெதுவாக இழுத்து அதனினும் மெதுவாக விட வேண்டும். வலி கண்டவளுக்கு ஒரு வாய்த் தண்ணீரும் ஆகாது என்னும் பழைய கட்டுப்பாட்டை, சிக்கலற்ற பேறுகளில், மேற்சொன்ன நெறிமுறைகள் ஏற்கவில்லை. கஞ்சி, இட்லி, மோர், இளநீர் எனச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அவசியம்.

நாம் வன்மையாகக் கண்டிப்பது ஒன்றுண்டு. சுற்றி நிற்கும் பெண்கள் தொடக்கத்திலேயே "முக்கு, முக்கு" என்று கூவுவதைச் சொல்கிறோம். வாய் முழுமையாகத் திறவாதபோது முக்குவதால் பயனில்லை. பின்னர் வேண்டிய வலிமையெல்லாம் வீணே கழிகிறது. விளக்கெண்ணெய் கொடுப்பதும் அவ்வாறே: வாந்தியும் பேதியும் கண்டு பெண் துவண்டுபோவாள். வலியை விரைவுபடுத்தும் ஊசியை எவரேனும் வீட்டில் போட முன்வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். கருப்பை கிழியவும், சிசுவுக்கு மூச்சுத் திணறவும் அது காரணமாகலாம்.

வேதனையைத் தணிக்க முயல்வது ஏவாளுக்கு உரைக்கப்பட்டதற்கு முரண் அன்றோ என ஐயுறுவோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1956 சனவரி 8ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடையே உரையாற்றுகையில், வேதனையைக் குறைக்கும் பயிற்சிகளை மறைநூல் தடைசெய்யவில்லை என்று தெளிவுபடுத்திவிட்டார்.

துணையும் ஒரு மருந்தே. பேறுகண்ட அனுபவமுள்ள பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க, அரசு மருத்துவமனைகளில் நடுவணரசு 2016இல் இசைவளித்தது. யார் உடனிருப்பது என்பதை மகளே தெரிவு செய்யட்டும். மாமியாரா தாயாரா என்னும் வழக்கை அன்று தீர்க்க வேண்டாம்.

வலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம். மருத்துவமனை தொலைவிலிருந்தாலும், முன்பு விரைவாகப் பெற்றவராயினும் அதுவரை காத்திருத்தலாகாது. பனிக்குடம் உடைதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சல், கடுந்தலைவலியுடன் கண் மங்கல், 37 வாரங்களுக்கு முன்னரே வலி, முன்பு வயிற்றைக் கீறிப் பிறந்த பேறு — இவற்றுள் எது இருப்பினும் கடிகாரத்தைப் பாராமல் உடனே செல்க. வாகனம் இல்லையேல் 108ஐ அழையுங்கள். பரிசோதனை அட்டையும் மாற்றுத்துணியும் 8ஆம் மாதத்திலேயே ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.