பட்டமும் பரிவும்

ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமையைப் பட்டம் கொடுத்துத் துடைத்துவிட முடியுமா? முடியும் என்று நம்பியது ஓர் அரசு.

1971-ல் நடந்த வங்காள தேசப் போரில் பாகிஸ்தான் ராணுவமும் அதற்குக் கைகொடுத்த உள்ளூர்க்காரர்களும் பலாத்காரம் செய்த பெண்கள் இரண்டு லட்சம் பேர் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. போர் ஓய்ந்த ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கு ‘வீராங்கனை’ என்று பெயர் சூட்டினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ஊர் என்ன செய்தது? ஓர் எழுத்தை மாற்றி ‘வாராங்கனை’ என்றது. வேசி என்று அதற்குப் பொருள்.

1972-ல் மறுவாழ்வு வாரியம் வந்தது. கருக்கலைப்புக்கு வழி செய்தார்கள், பிறந்த குழந்தைகளை அயல்நாட்டாருக்குத் தத்துக் கொடுக்கச் சட்டம் செய்தார்கள், தையல் கற்பித்தார்கள், மாப்பிள்ளையும் தேடினார்கள். அந்த மருத்துவம் பலரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் குழந்தையை வைத்துக்கொள்ள விரும்பியவளுக்கு ஊரில் இடம் இருந்ததா? “உனக்கு என்னம்மா வேண்டும்?” என்று கேட்டவர் எத்தனை பேர்? சிற்பி ஃபெர்தௌசி பிரியபாஷினி தமக்கு நேர்ந்ததை ஊரறியச் சொல்ல ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. இப்பெண்களையும் விடுதலை வீரர்கள் பட்டியலில் அரசு சேர்க்கத் தொடங்கியதோ 2015-ல்!

அன்று அவள் தலையில் பட்டத்தை வைத்தார்கள். இன்று அவள் வாயிலிருந்து கதையைப் பிடுங்குகிறார்கள். 2017-ல் மியான்மர் ராணுவத்துக்குத் தப்பி அதே வங்காள தேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்த ரோஹிங்கியாப் பெண்களிடம், காமிராவும் குறிப்பேடுமாகப் போனவர்கள் எத்தனை பேர்! கண்ணீர் இல்லாவிட்டால் நன்கொடை வராது என்பது இவர்கள் கண்ட பொருளாதாரம்.

கதை தெரியாமல் நீதி எப்படி என்று கேட்பார்கள். நீதிமன்றத்துக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. உதவி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வாக்குமூலம் முடியட்டும் என்று நின்றால் அந்த நேரம் திரும்பி வருமா?

மனத்துக்கு மருந்தும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு, நேர்ந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே என்கிறது. முதலில் சோறு, தாழ்ப்பாள் உள்ள கதவு, ரகசியம் காக்கும் ஒரு மனுஷி. பேச வந்தால் கேள். வராவிட்டால் பக்கத்தில் இரு.

இதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். ஒருமுறை அவள் சம்மதத்தைக் கேளாமல் கொடுமை செய்தார்கள். அவள் சம்மதத்தைக் கேளாமலே கருணை செய்ய நமக்கு மட்டும் என்ன உரிமை?