கேமரா எங்கே இருந்தது?

2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோடு மலைக்கு வந்தார்கள். அர்த்தநாரீசுவரர் கோயிலில் கண்காணிப்புக் கேமராக்கள் எங்கெங்கே இருந்தன, எந்த வாசல் எந்தக் கேமராவின் பார்வையில் விழும் என்று நேரில் பார்த்தார்கள். கோகுல்ராஜ் கொலை வழக்கின் மேல்முறையீடு அவர்கள் முன் இருந்தது. ஓமலூரைச் சேர்ந்த அந்தப் பொறியியல் பட்டதாரி 2015 ஜூன் 23 அன்று இந்தக் கோயிலுக்கு வந்தவர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடைத்தது.

அந்த வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2022 நவம்பரில் ஒளிப்பதிவை உயர் நீதிமன்றத்திலேயே போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார் முக்கிய சாட்சி. ஆயினும் 10 பேர் குற்றவாளிகள் என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் அளித்த தீர்ப்பை, இருவரின் தண்டனையை மட்டும் குறைத்து, 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மனிதர்கள் பின்வாங்கிய இடத்தில் கோயில் கேமராவின் பதிவு முக்கியச் சான்றாக நின்றது.

நம் சேலம், நாமக்கல் பகுதியில் டிஜிட்டல் சான்றைக் கையாளும் ஒவ்வொருவரும் அந்த மலைப் பயணத்தை மனதில் வைக்க வேண்டும். படத்தில் என்ன தெரிகிறது என்பதில்தான் நம் அவசரம் எல்லாம் இருக்கிறது. நீதிமன்றமோ கேமரா எங்கே இருந்தது, எதைப் பார்த்தது என்று கேட்கிறது. ஏழரை ஆண்டு கழித்துக் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு முதல் நாளிலேயே விடை எழுதி வைக்கலாம்.

டிவிஆர் கருவியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அதன் திரை காட்டும் நேரத்தையும் சரியான இந்திய நேரத்தையும் அருகருகே வைத்துப் படம் எடுங்கள். கருவியின் கடிகாரம் பல நிமிடங்கள் தள்ளி ஓடுவது சாதாரணம். அந்த வித்தியாசத்தை மகஜரில் எழுதாவிட்டால் செல்போன் கோபுரப் பதிவோடு அதைப் பொருத்தும்போது எல்லாம் குழம்பும். எந்தச் சேனல் எந்தக் கேமரா, அது எவ்வளவு உயரத்தில் எந்தத் திசை நோக்கி இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் கருவி பழைய பதிவின் மேலேயே எழுதும். எத்தனை நாள் பதிவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, பதிவை நிறுத்திய நேரத்தைக் குறியுங்கள். தேவையான அரை மணி நேரத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே விட்டு வருவதை நான் ஏற்க மாட்டேன். சந்தேக நபர் வராத மணி நேரங்களும் சான்றுதான்.

இன்னொன்று, முன்முடிவு. கோகுல்ராஜ் வழக்கையே பாருங்கள்: தண்டவாளத்தில் ஓர் உடல், கூடவே தற்கொலைக் கடிதம். பார்த்தவுடன் கோப்பை மூடத் தோன்றும் காட்சி அது. அந்த எண்ணத்தோடு மட்டும் தேடுகிறவர் கோயில் கேமராவைப் பற்றி விசாரிக்கக்கூட மாட்டார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பதிவு அழிந்திருக்கும். எது நடந்திருக்கும் என்று தீர்மானிப்பது பிறகு. எது முதலில் அழியும் என்று கேட்டு அதைக் காப்பாற்றுவதுதான் முன்னால்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு, சான்றிதழில் கருவிக்குப் பொறுப்பானவரும் நிபுணரும் தனித்தனியே கையொப்பமிடவும், ஹாஷ் மதிப்பைக் குறிக்கவும் கேட்கிறது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் ஹாஷ் மதிப்பு, அதைக் கணக்கிட்ட நொடிக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். அதற்கு முன் யார் தொட்டார்கள், கடிகாரத்தை யார் மாற்றினார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த விடை மனிதர்களிடம்தான் கிடைக்கும். லாரி புக்கிங் ஆபீஸோ, விசைத்தறிக் கூடமோ, கோழிப்பண்ணையோ, பெரும்பாலும் கேமராவைப் பொருத்திக் கொடுத்த ஆளுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியும். கடைசியாகப் பழுது பார்த்ததும் அவராகவே இருப்பார். அவர் ஊர் மாறுவதற்குள், அந்த வாரமே அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்யுங்கள்.