மூவர் வந்த படகு

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாவலும் அதன் சினிமாவும்தான். மார்கரெட் மிட்செல் 1936ல் வெளியிட்ட 'கான் வித் தி விண்ட்' நாவலைத்தான் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் பெருமூச்சு விடுகிறார்கள். "எத்தனை அழகான வாழ்க்கை! எல்லாம் பாழாய்ப் போய்விட்டதே!" என்கிறார்கள்.

நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன். வாசகரை அழ வைக்கும் வித்தையோடு எனக்கு விரோதம் கிடையாது. ஆனால், யாருக்காக அழ வைக்கிறாய் என்று கேட்டால் கதாசிரியன் பதில் சொல்லியாக வேண்டும். 1860ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்த நாட்டில் சுமார் 40 லட்சம் பேர் விலைக்கு வாங்கி விற்கப்படும் சொத்தாக இருந்தார்கள். அந்த அழகான வாழ்க்கைக்குச் செலவு கொடுத்தவர்கள் அவர்கள்.

சற்று விஷயம் தெரிந்தவர்கள் வேறொரு வாதம் வைத்திருக்கிறார்கள். சண்டை அடிமை முறைக்காக அல்லவாம், மாகாணங்களின் உரிமைக்காகவாம். ரொம்ப சரி, எதைச் செய்வதற்கான உரிமை? 1861 ஜனவரியில் பிரிந்துபோன மிஸிஸிப்பி, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்தது என்று கூச்சமில்லாமல் பிரகடனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுத்தே தீரவேண்டும் என்று 1850ஆம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டி வடக்கு மாகாணங்களை நெருக்கியவர்களும் தெற்கத்திக்காரர்கள்தாம். அப்போது அந்த வடக்கு மாகாணங்களின் உரிமை எந்தப் பரணில் கிடந்தது?

யுத்தத்தின் திருப்புமுனை எது என்று கேட்டால் ராணுவ சரித்திரக்காரர்கள் 1863 ஜூலையைக் காட்டுவார்கள். கெட்டிஸ்பர்க்கில் ஜெனரல் லீ தோற்றார்; மறுநாளே விக்ஸ்பர்க் கிராண்டிடம் சரணடைந்தது. பெரிய வெற்றிகள்தாம், மறுக்கவில்லை. ஆனாலும் யுத்தம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, ஒரு படகில் திரும்பிவிட்டது என்பேன் நான்.

1861 மே மாதம். சண்டை தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. அடிமை முறை உள்ள இடங்களில் அதில் கை வைக்கப் போவதில்லை என்று லிங்கன் பதவியேற்றபோது சொன்ன வாக்கு அப்படியே இருக்கிறது. வர்ஜீனியாவில் தெற்கத்திப் படை தனக்குப் பீரங்கி மேடை கட்ட அடிமைகளை வேலை வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்ஸெண்ட் என்ற மூவர் ஓர் இரவு படகேறி, வடக்கின் வசமிருந்த மன்ரோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே என்ன காத்திருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. திருப்பி அனுப்பினால் சாட்டை நிச்சயம்.

எஜமானர் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வெள்ளைக் கொடியோடு வந்து, 'சட்டப்படி எங்கள் ஆட்களைக் கொடுங்கள்' என்றார். கோட்டையின் தளபதி பட்லர் பெரிய மகான் ஒன்றும் இல்லை, தொழிலில் வக்கீல். வர்ஜீனியா தன்னை அந்நிய நாடு என்கிறதே, அந்நிய நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று மடக்கினார். மூவரையும் யுத்தத்தில் பறிமுதலான சரக்கு என்று வைத்துக்கொண்டார். மனிதனைச் சரக்கு என்று சொல்லித்தான் அவனை விடுவிக்க முடிந்தது! செய்தி பரவியது. சில நாட்களில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகக் கூட்டம் கூட்டமாகக் கோட்டைக்கு வந்தார்கள். ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்கு ஏற்பச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. யுத்தம் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் இப்படி வடக்குப் படைகளிடம் வந்துவிட்டார்கள்.

லிங்கனின் பெருமையைக் குறைக்கிறேன் என்று கோபிக்காதீர்கள். 1863 ஜனவரி முதல் தேதி விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திடத் துணிவு வேண்டியிருந்தது. அந்தக் காகிதம் அவர் மேஜைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் கால்கள் நடந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 பிடித்தம். மாஸசூஸெட்ஸ் 54ஆவது படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டுச் சண்டை மட்டும் போட்டது. 1864ல்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பருத்திக்காட்டை விட்டு வெளியேறிய அடிமைகளின் செயல் ஒரு பொது வேலைநிறுத்தம் என்று டூ பாய்ஸ் என்ற கறுப்பினப் பேராசிரியர் 1935லேயே பெரிய புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷம் மிட்செலின் நாவல் வந்தது. எது விற்றது என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் தெற்கத்தித் தலைவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகவே புரிந்திருந்தது. ஆள் பற்றாக்குறையால் அடிமைகளையே சிப்பாய்களாக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அடிமை நல்ல சிப்பாயாவான் என்றால் நம் கொள்கையே தவறாகிவிடும் என்று அவர்களுடைய ஜெனரல் ஹவல் காப் 1865 ஜனவரியில் கடிதம் எழுதினார். மார்ச்சில் வேறு வழியின்றிச் சட்டம் போட்டார்கள். சட்டத்தில் விடுதலை வாக்குறுதி மட்டும் இல்லை. ஏப்ரல் 3ஆம் தேதி அவர்களுடைய தலைநகரான ரிச்மண்ட் விழுந்தது. அன்று ஊருக்குள் முதலில் நுழைந்த வடக்குப் படைகளில் கறுப்புச் சிப்பாய்களும் இருந்தார்கள்.