தேரைக்கும் மருத்துவம் உண்டு



வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகள் நீரில் மூழ்கி, வேலை நின்றுபோகிறது. அதே மழைதான் தேரைகளை வெளியே அழைக்கிறது. பிரம்மதேசத்து வீடுகளின் முற்றத்திலும், குடத்தின் அடியிலும், விளக்கு வெளிச்சத்திலும் அவற்றைக் காண்கிறோம். கண்டவுடன் ஒரு பிடி உப்பை அள்ளித் தூவுவது பலருக்கு வழக்கம். உப்புக்குப் பஞ்சமில்லாத சீமை அல்லவா!

அந்த உப்பு என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. சுவாசத்தின் ஒரு பகுதியும் தோல் வழியாகவே நடக்கிறது. மேலே விழும் உப்பு, அதன் உடலிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடுகிறது.

இந்தச் சிற்றுயிரின்மேல் நாம் சுமத்திய பழியும் கொஞ்சமல்ல. தேங்காயில் பருப்பு இல்லையென்றால் தேரை மோந்தது என்கிறோம். மகரந்தச் சேர்க்கைக் குறைவும் மண்ணின் சத்துக் குறைபாடும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தை வற்றி மெலிந்தால் தேரை விழுந்தது என்கிறோம். ஊட்டக்குறைவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை இருக்க, மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் நாட்கள் கழிகின்றன. அறியாமை தேரையை மட்டும் கொல்லவில்லை. நம் பிள்ளைகளையும் வாட்டுகிறது.

நீதிமொழிகள் 12:10, தன் மிருகத்தின்மேல் கரிசனையுள்ளவனே நீதிமான் என்று போதிக்கிறது. அந்த வசனத்தின் எபிரெய மூலத்தில் நிற்கும் வினைச்சொல்லின் நேர்ப்பொருள் ‘அறிகிறான்’ என்பதாகும். இரக்கம் அறிவோடு கூடியது என்பதே என் துணிபு. அறியாத இரக்கம் சில வேளைகளில் உப்பைப் போலவே தீங்கு செய்யும்.

உங்கள் பிள்ளை நோயுற்ற தேரை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்? மஞ்சள் பூசுவீர்கள், பாலோ சோறோ வைப்பீர்கள். எதுவும் உதவாது. தேரை அசையும் பூச்சியை மட்டுமே இரையாக அறியும். பூசியவை யாவும் தோலின் வழியே உள்ளே செல்லும். காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில் ஈரத்துணி விரித்து, குளோரின் கலவாத நல்ல கிணற்று நீரைத் தட்டில் ஆழமில்லாமல் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் அதைக் கிராம் கணக்கில் எடை பார்ப்பார். வயிற்றுப் புழுவா, தோலைப் பற்றிய பூஞ்சையா, சுண்ணாம்புச் சத்துக் குறைவா என்று ஆராய்ந்து, எடைக்கேற்ற துளி மருந்தைக் கொடுப்பார். பூஞ்சையானால் மருந்து கலந்த நீரில் நாள்தோறும் சில நிமிடங்கள் அதை இருத்தச் சொல்வதும் உண்டு. தொட்ட பின் கைகளை நன்கு கழுவுங்கள். கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பிகளில் நஞ்சு இருக்கிறது. குணமானபின் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு தேரைக்காக இவ்வளவா என்று கேட்பீர்கள். தான்சானியாவில் கிஹான்சி அருவியின் சாரலில் மட்டுமே வாழ்ந்த ஒரு தேரையினம் உண்டு; நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீர்மின் அணையால் சாரல் பெரிதும் குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் 499 தேரைகளை அமெரிக்காவின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கும் அவை நோயுற்று மடிந்தன. மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் கைவிடவில்லை. எந்த ஒளி, எந்த இரை, எந்த ஒட்டுண்ணி என்று ஒவ்வொன்றாகக் கற்றார்கள். 2009-இல் அந்த இனம் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் காப்பாற்றப்பட்டவற்றின் சந்ததி 2012-இல் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பிற்று. விலைபோகாத ஓர் உயிருக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளின் பொறுமை!

மனிதருக்கே மருந்து போதாதபோது தேரைக்கு எதற்கு என்பது நியாயமான கேள்வி. தேரையின் பொருட்டுப் பிள்ளையின் மருந்தைக் குறைக்க நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பழக்கத்தில் விளைகின்றன என்பதையே சொல்லுகிறேன். பழி சொல்லுமுன் காரணத்தை ஆராய்கிற வீட்டில் தேரையும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். ஜெபம் பண்ணுங்கள், ஜெபித்த கையோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். அற்ப விலைக்கு விற்கப்படும் குருவிகளில் ஒன்றையேனும் தேவன் மறப்பதில்லை என்று ஆண்டவர் போதித்தார். கல்லுக்குள் இருக்கும் தேரையையும் அவர் போஷிக்கிறார் என்று நம் முன்னோரும் நம்பினார்கள். அப்படி அவர் நினைவில் வைத்திருக்கும் உயிரின்மேல் உப்பைத் தூவ நமக்கு அதிகாரம் ஏது?

இந்த மழைக்காலத்தில் உங்கள் பிள்ளைகளின் கையிலிருந்து உப்பை வாங்கி வையுங்கள்; ஏன் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மெலிந்த குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், அதன் தாயோடு நீங்களே சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.